எட்டு இலக்கங்கள்: லூபஸுடன் வாழும் ஒருவரின் நரம்பு உளவியல் சோதனை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகம் ஒன்றில் அவர் சுங்கப் பத்திரங்கள் தயாரிக்கிறார். வயது 44. இறக்குமதியாகும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்க வரி அட்டவணையில் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளாக அந்த எண்ணைத் தாளில் ஒரு தடவை பார்ப்பார், கணினியில் தட்டுவார், அடுத்த வரிக்குப் போவார். இப்போது கண் தாளிலிருந்து திரைக்கு வருவதற்குள் ஐந்தாவது இலக்கம் கரைந்துவிடுகிறது என்றார். "திரும்பப் பார்க்கிறேன். திரும்பவும் போய்விடுகிறது. பக்கத்து மேசைக்காரர்கள் கவனிக்கிறார்களோ என்று கூச்சமாக இருக்கிறது."

11 ஆண்டுகளாக அவருக்கு லூபஸ். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களை ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. ஹைட்ராக்சிக்ளோரோகுயின் மாத்திரையும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் தொடர்ந்து எடுத்துவருகிறார். விரல் மூட்டுகளில் வலி. வெயில் பட்டால் தோல் சிவந்து நோய் மூண்டுவிடும் என்பதால், சிறு வயதிலிருந்து தவறாமல் போய்வந்த தைப்பூசக் காவடிக்கும் சில ஆண்டுகளாகப் போவதில்லை. தென்னாப்பிரிக்காவில் தைப்பூசம் கடும் கோடையில் வருகிறது.

நான் டர்பனில் நரம்பு உளவியல் சோதனைகள், அதாவது கவனம், நினைவு, வேகம் போன்றவற்றை அளக்கும் சோதனைகள், செய்பவள். அவருடைய அனுமதியோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். நீண்டகால நோயோடு வாழும் தமிழர் பலருக்கு இந்தச் சோதனை என்றால் என்ன என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. பயந்துகொண்டே வருகிறார்கள். இவரும் அப்படித்தான் வந்தார்.

என்னிடம் வந்த கேள்வி

முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில், "வயதாகிறது, கவலையைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. படம் சுத்தமாக இருக்கிறதே, மூளைக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள், அவரைத் தவிர.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். ஒரு மனிதர் ஒரு வரியை எத்தனை விநாடியில் உள்வாங்குகிறார் என்பதை அது காட்டாது. லூபஸ் நரம்பு மண்டலத்தையும் மனத்தையும் பாதிக்கும் 19 விதங்களை அமெரிக்க வாதநோய்க் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 1999-இல் வகுத்தபோது, அறிவாற்றல் குறைபாட்டையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. அதைக் கண்டறிய ஏறக்குறைய ஒரு மணி நேரச் சோதனைத் தொகுப்பு ஒன்றையும் பரிந்துரைத்தது. ஆகவே இது நோயாளியின் கற்பனை அல்ல. இதை யாராவது அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அவருடைய வாதநோய் மருத்துவர் எனக்கு எழுதிய கடிதம் நல்ல கடிதம். கவனம், நினைவு, வேகம் ஆகியவற்றில் உண்மையில் எது குறைந்திருக்கிறது? அந்தக் குறை லூபஸின் போக்கோடு பொருந்துகிறதா? மருந்து, தூக்கம், வலி, மனச்சோர்வு ஆகியவற்றின் பங்கு என்ன? வேலையைத் தொடர என்ன மாற்றம் தேவை? கேள்வி தெளிவாக இருந்தால்தான் சோதனை பயன்படும். "மூளையைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒற்றை வரியில் வரும் கடிதங்களுக்கு நானே தொலைபேசியில் கூப்பிட்டு விவரம் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சோதனைக்குப் போவதாக இருந்தால், உங்களுக்காக எழுதப்படும் கடிதத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சோதிப்பவரின் பதிவையும் பாருங்கள். தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் நரம்பு உளவியலுக்கென்றே தனிப் பதிவுப் பிரிவு உண்டு.

வருவதற்கு முன்

"எதைப் படித்துவிட்டு வர வேண்டும்?" என்று தொலைபேசியில் கேட்டார். எதையும் படிக்கக் கூடாது என்றேன். இணையத்தில் சோதனைகளைத் தேடிப் பயிற்சி செய்தால், முடிவு உங்கள் மூளையைச் சொல்லாது, உங்கள் பயிற்சியைச் சொல்லும். பிறகு உண்மையான குறை மறைந்துபோய், கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போகும்.

மருந்தை நிறுத்திவிட்டு வரவும் கூடாது. "மருந்து இல்லாமல் என் மூளை எப்படி என்று பாருங்களேன்" என்று சிலர் கேட்கிறார்கள். பிரெட்னிசோனைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அதோடு, அவர் தினமும் வேலைக்குப் போவது மருந்தோடுதானே. வழக்கம்போல் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். நோய் மூண்டிருக்கும் வாரத்திலும், மருந்தின் அளவை மாற்றிய சில நாட்களுக்குள்ளும் சோதிப்பதைத் தவிர்ப்பேன். இவருக்கு அதனால் ஒருமுறை நாளைத் தள்ளிவைத்தோம். ஒவ்வொரு நோய்க்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. நீரிழிவு உள்ளவர் அன்று சர்க்கரை தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவரை இயந்திரத்தில் இருக்கும்போதே சோதிப்பது அநியாயம், ஏனென்றால் அந்த நேரத்தில் மூளையின் திறன் தாழ்ந்திருக்கும்.

கண்ணாடி, மருந்துப் பட்டியல், பழைய பள்ளிச் சான்றிதழ்கள், சாப்பாடு, குளிருக்கு ஒரு சால்வை, வீட்டில் அவரோடு வாழும் ஒருவர். கொண்டுவரச் சொன்னவை இவ்வளவுதான். சான்றிதழ் எதற்கு என்று கேட்டார். பின்னால் சொல்கிறேன்.

அம்மாவின் தமிழ்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அவரும் 72 வயது அம்மாவும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கூட வந்தது அம்மாதான். இந்த நாட்டில் 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகளில், அம்மாவின் வயதுக்காரர்களிடம்தான் இன்னும் புழங்கும் தமிழ் மிச்சம் இருக்கிறது. மகளுக்குத் தமிழ் புரியும், சாமி கும்பிடும்போது வரும். எண்ணுவதும் வேலை செய்வதும் கோபப்படுவதும் ஆங்கிலத்தில்.

நோயாளியோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். பிறப்பு, படிப்பு, தலையில் அடி பட்டதுண்டா, வலிப்பு வந்ததுண்டா, எப்போதிலிருந்து இது, எந்த நேரத்தில் மோசம் என்றெல்லாம். பலர் இதை வெறும் பேச்சு என்று நினைத்துச் சுருக்கிச் சொல்கிறார்கள். சோதனையில் பாதி இதுதான். பிறகு அவருடைய அனுமதியோடு அம்மாவிடம் தனியாகப் பேசினேன். முதலில் ஆங்கிலத்தில் "அவள் நன்றாக இருக்கிறாள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், நான் தமிழில் கேட்டதும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, அவள் மறக்கிறாள் என்று எழுதிவிடாதே. போன வருடம் நான் சொன்னதைக்கூட இன்றைக்கு அப்படியே சொல்வாள். ஆனால் நான் வேகமாக இரண்டு விஷயம் சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் ஏறும்."

தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். மகள் என்னிடம் "தூக்கம் பரவாயில்லை" என்றுதான் சொல்லியிருந்தார். அம்மா தயங்கினார். "குறட்டை விடுவாள். சொன்னால் கோபம் வரும். விடும்போது நடுவில் சத்தம் நின்றுவிடும். நான் எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பிறகு திடுக்கென்று இழுப்பாள்."

ஸ்டீராய்டு எடுத்த ஆண்டுகளில் அவருக்கு எடை கூடியிருந்தது. நான் குறிப்பேட்டில் அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

சோதனை நாட்கள்

ஒரே நாளில் முடிக்கலாமா, இரண்டு நாளாகப் பிரிக்கலாமா என்பது நீண்டகால நோயில் பெரிய கேள்வி. பிரித்தால் அவருடைய சிறந்த நிலை தெரியும். ஒரே நாளில் நீட்டினால் சோர்வு எங்கே வந்து அடிக்கிறது என்பது தெரியும். அவர் சம்பளம் வாங்குவது எட்டு மணி நேர வேலைக்கு. ஆகவே முதல் நாள் காலை எட்டரையிலிருந்து இடைவேளைகளோடு பிற்பகல் வரை, இரண்டாம் நாள் காலையில் இரண்டு மணி நேரம் என்று அமைத்தேன்.

அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பென்சில், நிறுத்துக் கடிகாரம், படப் புத்தகங்கள். ஊசி இல்லை, தலையில் ஒயர் இல்லை. எண்களைச் சொல்வேன், அதே வரிசையில் சொல்ல வேண்டும், பிறகு தலைகீழாகச் சொல்ல வேண்டும். 15 சொற்களை ஐந்து தடவை படித்துக் காட்டி, ஒவ்வொரு தடவையும் நினைவிருப்பதைக் கேட்பேன். இடையில் வேறொரு பட்டியலைக் கொடுத்துக் குழப்புவேன். அரை மணி நேரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், முதல் பட்டியலைத் திரும்பக் கேட்பேன். சிக்கலான ஓர் உருவத்தைப் பார்த்து வரைதல், பிறகு நினைவிலிருந்து வரைதல். ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்குதல். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைத்தல். சோதனைகளின் உள்ளே இருப்பதை இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கு வருபவருக்கு அவை பயன்படாமல் போகும்.

சோதனைகளில் பல, முடியாத இடம் வரை கடினமாகிக்கொண்டே போகும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி நொறுங்கிப்போகிறார். நான் சொல்லியும், பதினோரு மணிக்கு எண்களைத் தலைகீழாகச் சொல்லும்போது அவர் அழுதுவிட்டார். நிறுத்தினோம். தேநீர் குடித்தோம். அழுத நேரத்தையும் எந்தச் சோதனையின் நடுவில் என்பதையும் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் அடுத்த கால் மணி நேரத்து மதிப்பெண்ணை அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அறையின் குளிர்சாதனத்தால் அவருடைய விரல் நுனிகள் வெளுத்துவிட்டதைப் பார்த்தேன். லூபஸ் உள்ளவர்கள் சிலருக்குக் குளிரில் விரலுக்கு ரத்தம் போவது சுருங்கிவிடும். சாதனத்தை அணைத்துச் சால்வையைச் சுற்றிக்கொள்ளச் சொல்லிக் காத்திருந்தேன். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். வேகத்தை அளக்கும் சோதனைகளில் பல, கையால் எழுதுபவை. வலிக்கிற கையும் வெளுத்த விரலும் தாமதமாக எழுதினால், தாளில் அது "மூளை மந்தம்" என்று பதிவாகிவிடும். ஆகவே குறியீடுகளுக்கு எண் பொருத்தும் 90 விநாடிச் சோதனையை இரண்டு விதமாகச் செய்தேன். ஒரு தடவை எழுதி, இன்னொரு தடவை வாயால் சொல்லி. இரண்டுக்கும் உள்ள இடைவெளி கையின் பங்கு. வாயால் சொல்லும்போதும் எஞ்சும் குறை மூளையின் பங்கு. மூட்டு வலி, கை நடுக்கம், விரல் மரத்துப்போதல் எது இருந்தாலும் சோதிப்பவரிடம் தயங்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முயற்சியைச் சரிபார்க்கும் சோதனைகளும் இந்தத் தொகுப்பில் உண்டு. ஒருவர் முழு முயற்சியோடு செய்கிறாரா என்பதை அவை சொல்லும். எவை என்று எந்த உளவியலாளரும் சொல்லமாட்டார். அப்படி இருக்கின்றன என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். இவருடைய முகம் மாறியது. "நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறீர்களா, டாக்டர்?" பல ஆண்டுகள் யாரும் நம்பாமல் இருந்தவருக்கு அந்தக் கேள்வி வருவது நியாயமே. நாளைக்கு உங்கள் முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ "இவர் வேண்டுமென்றே குறைவாகச் செய்திருப்பார்" என்று சொன்னால், அதற்குப் பதில் என் கையில் இருக்க வேண்டும் என்றேன். அவற்றில் அவர் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் தேறினார்.

யாரோடு ஒப்பிடுவது

நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் கீழிருந்து நீங்கள் எத்தனையாவது இடம் என்பதுதான் சதமானம். அந்த நூறு பேர் யார்? இந்த நாட்டில் அது வலிக்கிற கேள்வி. அவர் 1979-இல் பிறந்தவர். 1965-இன் இந்தியர் கல்விச் சட்டம் பிரித்துவைத்த பள்ளியில் படிக்கத் தொடங்கி, நிறவெறி ஆட்சி முடிந்தபின் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் முடித்தவர். அமெரிக்காவில் பன்னிரண்டு ஆண்டு படித்தவரோடு இவரை ஒப்பிட்டுக் குறை கண்டால், பாதிக் குறை பள்ளிக்கூடத்துடையது. ஒரே மொழி பேசி, ஒரே அளவு ஆண்டுகள் படித்தவர்களிடையேகூடப் பள்ளியின் தரத்தைப் பொறுத்து மதிப்பெண்கள் பெரிதும் வேறுபடுவதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். உள்நாட்டு அளவுகோல் இருக்கும் இடத்தில் அதை எடுத்தேன். இல்லாத இடத்தில் அறிக்கையில் அதை வெளிப்படையாக எழுதினேன்.

மொழியும் அப்படியே. இவர் எண்ணுவது ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலத்தில் சோதித்தேன். அம்மாவைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட முடியாது. ஆங்கிலத்தில் பெரும்பாலான இலக்கங்கள் ஓரசையில் முடிந்துவிடுகின்றன. 'இரண்டு', 'நான்கு', 'ஒன்பது' எல்லாம் நாக்கில் நீள்பவை. சொல் நீண்டால் ஒரு மூச்சில் தாங்கும் எண்ணிக்கை குறையும். ஓர் எழுத்தில் தொடங்கும் சொல் என்று கேட்டால், 'க' என்பதோடு கா, கி, கு எல்லாம் சேருமா என்று அம்மா என்னையே திருப்பிக் கேட்பார்.

அவரோடு அவரையே ஒப்பிடுவது இன்னும் முக்கியம். நோய்க்கு முன் அவர் எப்படி இருந்தார்? அதற்குத்தான் சான்றிதழ்கள். மெட்ரிக்கில் கணக்கில் உயர்ந்த மதிப்பெண். சொல்வளச் சோதனையில் 80-ஆம் சதமானம். நோயில் எளிதில் சரியாத திறன் அது. ஆகவே முன்பு அவர் சராசரிக்கு மேலே இருந்தவர் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

தாளில் தெரிந்தது

எண்களை நேராகச் சொல்வதில் ஆறு இலக்கம், தலைகீழாக நான்கு. எட்டு இலக்கத்தில் ஐந்தாவது கரைகிறது என்று அவர் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. குறியீட்டுச் சோதனை எழுதும்போது 5-ஆம் சதமானத்துக்கும் கீழே, வாயால் சொல்லும்போது 16-ஆம் சதமானம்.

சொற்பட்டியல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஐந்து தடவைகளில் 5, 7, 9, 11, 12. அரை மணி நேரம் கழித்து 11. வேறு சொற்களோடு கலந்து படித்துக்காட்டி "இது இருந்ததா" என்று கேட்டபோது 15-உம் சரி, ஒன்றுகூடத் தவறாகச் சேர்க்கவில்லை. உள்ளே போவது மெதுவாக, போனது பத்திரமாக. கற்றதே விரைவில் அழிந்துபோகும் மறதி நோயின் கோலம் இது இல்லவே இல்லை. அம்மா தமிழில் சொன்னதைத்தான் தாள் எண்களில் சொன்னது.

16-ஆம் சதமானத்தை அறிக்கைகளில் "இயல்பின் கீழ்ப்பகுதி" என்று எழுதுவது வழக்கம். 'இயல்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் படிக்கிறவர் தாளை மூடிவிடுகிறார். 80-ஆம் இடத்தில் இருந்த ஒருவர் 16-ஆம் இடத்துக்கு வந்திருக்கிறார் என்பது அவருடைய வாழ்க்கையில் சரிவு. அறிக்கையில் நான் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதினேன், பிரித்துப் படிக்க முடியாதபடி.

மனச்சோர்வு வினாத்தாளில் மதிப்பெண் நடுத்தரமாக வந்தது. ஆனால் சோர்வு, தூக்கம், பசி பற்றிய கேள்விகள் லூபஸுக்கும் பொருந்துபவை. அவற்றைத் தள்ளிப் பார்த்தபோது லேசான அளவுதான் மிஞ்சியது. அது கவனிக்க வேண்டியதுதான், ஆனால் முழு விளக்கமாக அதை ஏற்க முடியாது. இந்த மந்தம் லூபஸால் மட்டுமே என்று சோதனை சொல்லாது. லூபஸில் காணும் கோலத்தோடு பொருந்துகிறது என்று மட்டுமே சொல்லும். மூச்சு நின்று தூக்கம் கலைந்தாலும் இதே கோலம் வரலாம். ஆகவே அறிக்கையின் முதல் பரிந்துரை, இரவுத் தூக்கப் பரிசோதனை.

முடிவைச் சொன்ன நாள்

மூன்று வாரம் கழித்து இருவரையும் வரச் சொன்னேன். அறிக்கையைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடுவதை நான் ஏற்பதில்லை. உட்கார்ந்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம். மகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அம்மாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். 'செயலாக்க வேகம்' என்றேன், அம்மாவுக்கு ஏறவில்லை. வேறு விதமாகச் சுற்றிச் சுற்றிச் சொல்லிப் பார்த்தேன். அவரே குறுக்கிட்டார்.

"கல் சூடேற நேரம் எடுக்கிறது. ஏறிவிட்டால் தோசை நன்றாகத்தான் வருகிறது. அப்படித்தானே பிள்ளை?"

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது புரிந்துவிட்டது.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 22 முறை மூச்சுத் தடை. நடுத்தர அளவு. இரவில் காற்றழுத்த முகமூடி கொடுத்தார்கள். வேலை நேரத்தில் மறந்துவிடக்கூடும் என்று அவர் பிரெட்னிசோனை இரவில் போட்டுக்கொண்டிருந்ததும் தெரியவந்தது. தூக்கத்தைக் கெடுக்கும் அந்த மருந்தை வாதநோய் மருத்துவர் காலைக்கு மாற்றினார்.

அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். நோயின் பெயரும் மதிப்பெண்களும் அதில் இல்லை, தேவையான மாற்றங்கள் மட்டும். எண் பதியும் வேலை காலையில், தொலைபேசி வேலை பிற்பகலில். சொல்லும் பணிகள் வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில். எட்டு இலக்கத்தை நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும் திரை அமைப்பு. 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் கீழ், நீண்டகாலக் குறைபாடு உள்ளவர் இத்தகைய நியாயமான மாற்றங்களைக் கேட்கலாம். நோயால் திறன் குறைந்தவரை நீக்குமுன் மாற்று வழிகளை ஆராய வேண்டும் என்று 1995-இன் தொழில் உறவுச் சட்டமும் முதலாளியிடம் எதிர்பார்க்கிறது. அலுவலகம் முதலில் முரண்டு பிடித்தது. கடிதத்தை இரண்டாம் முறை அனுப்பியபின் ஒப்புக்கொண்டது.

13 மாதம் கழித்து மறுசோதனை செய்தேன். அதற்குள் செய்தால் பழைய சோதனையின் நினைவே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். சொற்பட்டியலையும் வேறு வடிவத்தில் கொடுத்தேன். முதல் தடவையிலேயே ஏழு சொற்கள். வாயால் சொல்லும் குறியீட்டுச் சோதனை 30-ஆம் சதமானம். எழுதும் சோதனை அசையவே இல்லை, விரல்கள் அப்படியே இருக்கின்றன. பழைய 80-க்கு அவர் திரும்பவில்லை, திரும்புவார் என்று நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஏற்றத்தில் எவ்வளவு தூக்கத்தால், எவ்வளவு நோய் அடங்கியதால், எவ்வளவு சோதனை பழகியதால் என்று பிரிக்க என்னிடம் கத்தி இல்லை. அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

அன்று வெளியே வந்தபோது அவர் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். நடுவில் ஒரே ஒரு வரி அளவுக்கு வெட்டிய பிளவு. சுங்கத் தாளின் மேல் வைத்து, ஒரு சமயத்தில் ஒரு வரியை மட்டும் பார்க்கிறார். அலுவலகத்தில் இன்னும் இரண்டு பேர் அதைப் பார்த்துத் தங்களுக்கும் வெட்டிக் கேட்டிருக்கிறார்களாம்.